தம்பி வண்டிக்குக் குளிர்காற்று

தம்பி ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியபோது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் வயிறு எரிந்தது.

பெங்களூரில் யாரோ கொஞ்ச காலம் ஓட்டிவிட்டு விற்ற வண்டி. கருநீலம், இரண்டு கதவு, இரண்டே சீட்டு. தரையோடு தரையாகப் பதுங்கிய மாதிரி நிற்கும். அருள்புரத்தில் எங்கள் பனியன் கம்பெனி வாசலில் அதைக் கொண்டுவந்து நிறுத்தியதும் கட்டிங்கிலிருந்து பேக்கிங் வரை எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். அப்பா டயருக்கு வைக்க எலுமிச்சம்பழம் வாங்கிவரச் சொன்னார். நான் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "ஷிப்மென்ட்டை வெச்சுக்கிட்டு என்னங்க வேடிக்கை, எல்லாரையும் உள்ள போகச் சொல்லுங்க" என்றேன். ஷிப்மென்ட்டுக்கு அப்போது அப்படி ஒன்றும் அவசரம் இல்லை.

நான் கோயமுத்தூரில் மெக்கானிக்கல் படித்தவள். வகுப்பில் பெண்கள் மிகக் குறைவு. லேபில் இன்ஜினைப் பிரித்துப் போட்டால், மற்றவர்கள் டீ குடிக்கப் போன பிறகும் நான் அங்கேயே நின்றுகொண்டிருப்பேன். படிப்பு முடிந்ததும் சென்னையில் கார் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. அப்பா அனுப்பவில்லை. "நம்ம கம்பெனி இருக்கறப்ப நீ எதுக்கு கண்ணு அங்கெல்லாம் போயி சிரமப்படோணும்" என்றார். பிறகு காங்கேயத்தில் கட்டிக்கொடுத்தார்கள். வீட்டுக்காரர் எண்ணெய் மில் வைத்திருக்கிறார். தினமும் காலையில் காங்கேயத்திலிருந்து கிளம்பி, பல்லடம் வழியாக அருள்புரம் வந்து, கம்பெனியில் தயாரிப்பைப் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு நான் ஓட்டுவது பின்சீட்டில் எப்போதும் புண்ணாக்கு வாசம் அடிக்கும் ஒரு பழைய டீசல் கார்.

தம்பி படித்தது பி.காம். வெளிநாட்டு பையர்களிடம் பேசுவது அவன் பொறுப்பு. நன்றாகப் பேசுவான், ஆர்டர் பிடிப்பான், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் வண்டி ஓட்டத் தெரியாது. ஓட்டுவான், தெரியாது. என் அறை ஜன்னலுக்குக் கீழேதான் அதை நிறுத்துவான். சாயங்காலம் கிளம்பும்போது காது தானாக அங்கே போய்விடும். இரண்டாவது கியரில் வைத்து எழுப்ப வேண்டிய இடத்தில் நாலுக்கு மாற்றிவிடுவான். அந்த இன்ஜின் முனகும். எனக்குப் பல் கூசும். யார் வீட்டு வீணையையோ யாரோ சுரண்டுகிற மாதிரி இருக்கும்.

ஒரு நாள் கூரியரில் நீளமான அட்டைப்பெட்டி ஒன்று வந்தது. தம்பி அதை என் மேஜைமேல் வைத்துப் பிரித்தான். உள்ளே கறுப்பில் வளைந்த குழாய் ஒன்று, கூம்பு வடிவத்தில் சிவப்பு ஃபில்டர், ஒரு தகடு, ரப்பர் இணைப்புகள், மடிப்பு மடிப்பாக நீளும் இன்னொரு குழாய்.

"கோல்ட் ஏர் இன்டேக்குக்கா. எங்க கார் குரூப்ல எல்லாரும் போட்டிருக்கறாங்க. அடுத்த ஞாயித்துக்கெழம வால்பாறைக்கு டிரைவ் இருக்குது. அதுக்குள்ள மாட்டோணும். கோயமுத்தூர் கடையில கேட்டா இந்த வாரம் ஆள் இல்லைங்கறான்."

விஷயம் இதுதான். இன்ஜினுக்குப் பெட்ரோலோடு காற்றும் வேண்டும். வண்டியோடு வரும் குழாய் பானெட்டுக்குள் தேங்கிய சூட்டையும் சேர்த்து இழுக்கும். இந்தப் புதுக் குழாய் முன்பம்பரில் இருக்கும் திறப்பிலிருந்து வெளிக்காற்றைக் குளிர்ச்சியாகவே கொண்டுவந்து தரும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. இன்ஜின் தாராளமாக மூச்சு வாங்கும். சத்தமும் கனமாகும். தம்பிக்கு வேண்டியது சத்தம்தான் என்பது எனக்குத் தெரியும்.

"நீ மாட்டிருவியாக்கா?" என்று கேட்டான்.

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் கை அதற்குள் குழாயை எடுத்து உள்பக்கம் வழவழப்பாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. "இந்த ஞாயித்துக்கெழம காலையில கொண்டா" என்றேன்.

ஞாயிறு கம்பெனி விடுமுறை. நிட்டிங் மெஷின்கள் நின்றுவிட்டால் அந்தக் கட்டடமே வேறு இடம் மாதிரி இருக்கும். லாரி ஏற்றும் இடத்தில் தம்பி வண்டியை நிறுத்திப் பானெட்டைத் திறந்தான். அவன் மனைவியும் கூட வந்திருந்தாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. புதுச் சுடிதார், தலை நிறைய மல்லிகை. "மாட்டுனதும் ஃபர்ஸ்ட் ரவுண்டு என்னத்தான் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கறாருங்க அண்ணி" என்றாள். அதற்கும் எனக்குச் சுருக்கென்றது. வண்டி வந்த நாளிலிருந்து அந்த இரண்டாவது சீட்டில்கூட நான் உட்கார்ந்ததில்லை. யாரும் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை.

முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினேன். பிறகு பழைய ஃபில்டர் பெட்டி. கிளிப்புகளை விடுவித்து மூடியைத் தூக்கினால், ஃபில்டர்மேல் வெள்ளையாக ஒரு படலம். பஞ்சு. எங்கள் ஊர்க் காற்றில் கலந்திருக்கும் அதே பஞ்சுத் தூசிதான் கம்பளி மாதிரி ஒட்டிப் படிந்திருந்தது. விரலால் தூக்கினால் ஒரே துண்டாக உரிந்து வந்தது.

"இதுக்கே இப்படின்னா, நீ வாங்கியிருக்கற திறந்த ஃபில்டர் ஒரு மாசம் தாங்காது" என்றேன்.

"அப்பறம் என்னக்கா பண்றது? திருப்பி அனுப்பீரலாமா?"

நான் சாம்பிள் அறைக்குப் போனேன். விளையாட்டு ஜெர்சி ஆர்டரில் மிஞ்சிய வலைத்துணி கிடந்தது. கண் பொடியான பாலியஸ்டர் துணி. காற்றை விடும், பஞ்சை விடாது. கூம்பு ஃபில்டரின் அளவுக்கு வெட்டி, ஓவர்லாக் மெஷினில் ஓட்டி, வாயில் எலாஸ்டிக் வைத்து ஒரு உறை தைத்தேன். குழந்தைக்குக் குல்லா மாட்டுகிற மாதிரி அது ஃபில்டர்மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. அந்த நிமிடம் எனக்கு வண்டி யாருடையது என்பதே மறந்துபோயிருந்தது.

காற்றின் அளவை இன்ஜினுக்குச் சொல்லும் சென்சாரைப் பழைய குழாயிலிருந்து கழற்றி, அதன்மேல் இருந்த அம்புக்குறி காற்று போகும் பக்கம் பார்க்கும்படி புதுக் குழாயில் பொருத்தினேன். சூடு தடுக்கும் தகடு சரியாக உட்கார்ந்தது. பம்பரிலிருந்து வரும் குழாய்தான் வம்பு செய்தது. அது போக வேண்டிய வழியில் ஹாரன் இருந்தது. ஹாரனைக் கழற்றி வேறு பக்கம் மாற்ற வேண்டும் என்றால் கீழே இருந்துதான் கை எட்டும். அட்டையை விரித்துப் போட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பம்பருக்கு அடியில் படுத்தேன். தம்பி மேலே நின்று டார்ச் அடித்தான். பாதி நேரம் டார்ச், பாதி நேரம் வீடியோ.

அப்போதுதான் அப்பா வந்தார். கூட நூல் ஏஜென்ட் ஒருவர். எனக்கு அவர்களுடைய செருப்புகள் மட்டும் தெரிந்தன.

"பாருங்க, என்ற பையன் மெக்கானிக்கு யாரும் வேண்டாம்னு அவனே பிரிச்சு மாட்டறானுங்க" என்றார் அப்பா. குரலில் அப்படி ஒரு பூரிப்பு. பரிசு வாங்கிய பிள்ளையைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

தம்பி மறுத்துச் சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் சிரித்தான், அவ்வளவுதான்.

எனக்குள் என்ன புகுந்ததோ தெரியவில்லை. ஹாரன் போல்ட்டை அரைகுறையாக விட்டுவிட்டு வெளியே நகர்ந்து வந்து எழுந்து நின்றேன். கையெல்லாம் கிரீஸ். தலையில் பஞ்சு.

"நான் மாட்டறனுங்கப்பா. அவன் லைட்டுப் புடிக்கறான்."

அப்பா திகைத்தார். ஏஜென்ட் வேறு பக்கம் பார்த்தார். "அட, யாரு மாட்டுனா என்ன கண்ணு, நம்ம வண்டிதான" என்றார் அப்பா.

"நம்ம வண்டி இல்லீங்க, அவன் வண்டி. ஆனா வேலை என்னுது."

இந்த வயதில் அப்பாவிடம் அப்படிப் பேசுவேன் என்று நானே நினைக்கவில்லை. அவர் ஏஜென்ட்டைக் கூட்டிக்கொண்டு ஆபீஸுக்குள் போய்விட்டார். நான் திரும்பவும் படுத்து ஹாரனை முடித்தேன்.

எல்லாம் மாட்டி, பேட்டரியை இணைத்து, தம்பியை ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். இன்ஜின் பிடித்தது. ஆனால் ஏறி இறங்கி ஏறி இறங்கித் தள்ளாடியது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. தம்பி முகம் வெளுத்துவிட்டது. அவன் மனைவி, "கடையிலயே குடுத்திருக்கலாமோ?" என்று மெதுவாகக் கேட்டாள். மெதுவாகத்தான், ஆனால் எனக்குக் கேட்கும்படி.

குனிந்து காதை வைத்துக் கேட்டேன். உஸ்ஸென்று மெல்லிய சீறல். கம்பெனியில் கம்ப்ரஸர் குழாய் எங்காவது கசிந்தால் கேட்கும் அதே சத்தம். ரப்பர் இணைப்பு ஒன்று கிளாம்ப்புக்கு அடியில் மடிந்து, அளக்கப்படாத காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. அணைத்துவிட்டு, தளர்த்தி, நேராக்கி, இறுக்கினேன். மறுபடி ஸ்டார்ட் செய்ததும் ஒரே சீராக நின்றது. விளக்கும் கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முன்னைப் போல முனகல் இல்லை. நெஞ்சுக்குள்ளிருந்து வரும் கனமான இழுப்பு.

தம்பி துள்ளினான். மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு இடப்பக்கக் கதவுக்குப் போனாள்.

"சாவியக் குடு" என்றேன்.

"எதுக்குக்கா?"

"மாட்டுனவதான் ஓட்டிப் பாக்கோணும்."

அவன் மனைவியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், இறங்கினான். "நானும் வர்றேன்" என்று சொல்லி இடப்பக்கம் ஏறிக்கொண்டான். அவன் மனைவி விலகி நின்றாள்.

பல்லடம் தாண்டிக் காங்கேயம் ரோட்டைப் பிடித்தேன். தினமும் டீசல் காரில் தேய்க்கும் ரோடுதான். ஆனால் அன்று அதன் ஒவ்வொரு வளைவும் புதிதாக இருந்தது. மூன்றாவது கியரில் வைத்து மிதித்தபோது பானெட்டுக்குள் காற்று உறிஞ்சப்படும் சத்தம் எழுந்து வந்து நெஞ்சில் அறைந்தது. காற்றாலைகளும் தென்னந்தோப்பும் பின்னால் போயின.

"அக்கா, இது இப்படியெல்லாம் இழுக்குமா?" என்றான் தம்பி. கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தான்.

"உனக்கு ஓட்டத் தெரியல. எனக்கு இது மேல எவ்வளவு பொறாமைன்னு உனக்குத் தெரியுமாடா?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பனே" என்றான். அதைக் கேட்டதும் பொறாமை குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கூடியது. அதுவரை அந்த வண்டியை நான் ஜன்னல் வழியாக மட்டுமே அறிந்திருந்தேன். இப்போது அதன் ஸ்டியரிங் கைக்குள் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டது.

திரும்பி வந்தபோது தம்பி மனைவி அதே இடத்தில் நின்றிருந்தாள். மல்லிகை வாடியிருந்தது. நான் இறங்கியதும் புன்னகைத்து, "நல்லா ஓட்டுறீங்க அண்ணி" என்றாள். உதடு மட்டும்தான் சிரித்தது. கண் என் கையிலிருந்த சாவியின்மேலேயே இருந்தது. அந்தப் பார்வை என்னவென்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாவியை அவள் கையில் வைத்தேன். அவள் அதைத் தம்பியிடம் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு அவர்கள் இருவரும் வால்பாறை போனார்கள். மத்தியானம் தம்பியிடமிருந்து போன் வந்தது. குரூப்பில் எல்லோரும் பானெட்டைத் திறந்து பார்த்தார்களாம், ஃபில்டருக்குப் போட்ட வலைத்துணி உறையைப் பார்த்து யார் செய்தது என்று கேட்டார்களாம். "எங்க அக்கான்னு சொன்னேன்" என்றான். எனக்கு அது இனித்தது. உடனே போனை அவன் மனைவி வாங்கினாள்.

"அண்ணி, மலை ஏறுற வரைக்கும் இவரே ஓட்டுனாரு. நான் கல்யாணத்துக்கு முன்னால எங்கப்பா ஜீப்பையே ஓட்டியிருக்கறேன், கேட்டா தரமாட்டேங்கறாருங்க. நீங்க சொல்லுங்க."

"அவங்கிட்ட போனைக் குடு" என்றேன். அவன் பேச வந்ததும், "எறங்கறப்ப அவ ஓட்டட்டும்" என்று சொன்னேன். சொன்னதைக் கேட்டான்.

மறுநாள் அவள் கம்பெனிக்கு வந்து, கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றையும் எப்படித் திருப்பினாள் என்று என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். கீழே வரும்போது மலைக் குளிரில் இன்ஜின் சத்தம் பாறையில் மோதித் திரும்பி வந்ததாம். நான் டீ வரவழைத்து, தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். நான் இன்னும் வால்பாறை ரோட்டில் அந்த வண்டியை ஓட்டியதில்லை. அவள் ஓட்டிவிட்டாள்.