கியாசுதீன் அடுக்கிய கரை

விடியற்காலை பஜ்ர் தொழுகை முடிந்து வந்ததும் கியாசுதீன் செருப்பைக் கழற்றிவிட்டு, நொய்யல் கரையைக் குதிகாலால் தட்டிப் பார்ப்பார். சத்தம் கெட்டியாக வந்தால் ஷெட்டைத் திறப்பார். பொதபொதவென்று வந்தால், கரையோரத்து மூட்டைகளை உள்ளே இழுத்துப் போட்ட பிறகுதான் டீ.

பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சிய துண்டுத் துணியை வாங்கி, நிறம் பிரித்து விற்பது அவர் தொழில். எந்தத் துணியையும் முதலில் காதருகே கொண்டுபோய் இழுத்துப் பார்ப்பார். “இது லைக்ரா கலந்ததுங்க. முனகுது பாருங்க” என்பார். எனக்கு ஒன்றும் கேட்டதில்லை.

அவர் ஷெட் ஆறு வளைகிற இடத்தில், வெளிக்கரையில் இருக்கிறது. அதை ஒட்டிக் கீழ்ப்புறம் என் வீடு. அதன் பின்சுவர் இன்றும் நிற்கிறதென்றால் அது அவரால்தான். வளைவில் வேகமெடுக்கும் தண்ணீர் அடிமண்ணை அரிக்கும். மேல்மண் பிறகு தானாகச் சரியும். ஷெட்டின் பின்னால் நின்ற வேலமரம் அப்படித்தான் ஆற்றோடு போனது.

மரம் போனதும் அவர் கரை நெடுகத் துணி மூட்டைகளை அடுக்கினார். மண் நிரப்பலாமே என்றேன்.

“ஊறுன பனியன் என்ன கனங்கறீங்க ஐயா! மண்ணெல்லாம் கிட்ட நிக்காதுங்க.”

ஆடி வெள்ளம் அத்தனை மூட்டைகளையும் உருட்டிக்கொண்டு போனது. அடுத்த வளைவின் உட்கரையில், தண்ணீர் தளர்ந்து வண்டலை இறக்குகிற இடத்தில், அவை புதைந்து கிடந்தன. அங்கே தோட்டம் வைத்திருந்த செங்கோட்டையன் நேரில் வந்தார்.

“ஏனுங்க பாய், உங்க மூட்டைக என்ற தோட்டத்துல குடி வந்துருச்சுங்க. வாடகை யாரு தாறது?”

“மேல மூடியிருக்கற மண்ணு எங்க கரையிலிருந்து வந்ததுங்க. வாடகை நீங்கதான் தரோணும்.”

செங்கோட்டையன் சிரித்துக்கொண்டே போனார். மறுநாள் அவர் டிராக்டர் வண்டலோடு வந்தது. ஒரு நடைதான் ஓட்ட முடிந்தது. மேற்கே மலை மழைக்குக் கருத்துவிட்டது. கொட்டிய வண்டலை மூட்டை பிடித்தால் ஷெட்டின் கரைக்கு மட்டுமே சரியாக இருக்கும்.

“ஷெட்டுக்குப் போடுங்க பாய். என் செவுத்தை அப்புறம் பாத்துக்கலாம்” என்றேன்.

“அதெப்படிங்க? என்ற பக்கம் கெட்டியாயிட்டா, தண்ணி மொத வேலையா உங்க செவுத்தைத்தான் தேடி வரும்.”

“அப்ப உங்க ஷெட்டு?”

“பாதிக்குப் பாதி போடலாமுங்க. பத்தலீன்னா ரெண்டு பேரும் சேந்தே நீந்துவோம்.”

முதல் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு தன் ஷெட்டைக் கடந்து வந்தார். அதை என் சுவரடியில் இறக்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலால் ஒருமுறை தட்டிப் பார்த்தார்.