திருப்பாத தட்டு

பன்றிப் பண்ணைகளுக்கு விந்து அனுப்பும் அந்த நிலையத்தில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் ‘பதினேழு அக்கா’. ஆண் பன்றியின் விந்தைக் கரைசலில் கலந்து, உள்ளங்கை நீளக் குப்பிகளில் அடைத்து, தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும் குளிர்பெட்டிக்கு அவள்தான் பொறுப்பு. பெட்டி பதினேழு டிகிரியில் நிற்க வேண்டும். சூடு ஏறினாலும் போச்சு, குளிர் கூடினாலும் போச்சு. ‘ஐஸ் வச்சா இன்னும் நாள் தாங்குமே’ என்று கேட்கிற மேதாவிகள் வருஷத்துக்கு ஒருவராவது வந்து அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போவார்கள்.

இன்னொரு வேலையும் இருந்தது. குப்பிக்குள் இருக்கும் உயிரணுக்கள் மெல்ல அடியில் போய்ப் படியும். படிந்து கிடந்தால் செத்துப்போகும் என்று சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். அதனால் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, ஒவ்வொரு தட்டையும் குலுங்காமல் புரட்டி வைக்க வேண்டும். பத்தொன்பது வருஷம் அதைச் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்கவில்லை, காய்ச்சல் என்றும் பார்க்கவில்லை.

அவள் வீட்டுக்காரர் அதே நிலையத்து டிரைவர். குப்பிகளைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்து, பதினேழு டிகிரித் தண்ணீர் பாட்டில்களைச் சுற்றிலும் சொருகி, பண்ணை பண்ணையாகக் கொண்டுபோவார். முன்சீட்டில் பெட்டிக்குத்தான் இடம். அதற்குப் பெல்ட் வேறு போடுவார். கட்டிய மனைவி பின்னால் காலிக் கூடைகளோடு உட்கார வேண்டியதுதான். “அதுங்களுக்கு ஒரு கண்ணுல வெண்ணெய், எனக்கு ஒரு கண்ணுல சுண்ணாம்பா?” என்று அவள் கேட்டால், “அதுங்களுக்கு அஞ்சு நாள்தான்டி ஆயுசு. நீ நூறு வருஷம் இருப்ப” என்பார்.

நாற்பத்தாறு வயதில், ஒரு நடுப்பகலில், ஸ்டியரிங் பிடித்த கையோடு அவருக்குப் பக்கவாதம் வந்தது. அந்த நிலையிலும் வண்டியை ஒரு மரநிழலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் சாய்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் குழறிக் குழறி அவர் கேட்ட முதல் கேள்வி, பெட்டியில் வெயில் பட்டதா என்பது. படவில்லை. அத்தனை குப்பியும் பிழைத்துக்கொண்டன, அவருக்குத்தான் ஒரு பக்கம் கையும் காலும் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்குப் புரட்ட வேண்டியது இரண்டு இடத்தில் ஆயிற்று. படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வரும் என்று நர்ஸ் எச்சரித்து அனுப்பியிருந்தாள். நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு தரைப்பாலம், சைக்கிளில் பத்து நிமிஷம். இரண்டு மணிக்கொரு தடவை ஓடுவாள், புரட்டுவாள், திரும்பி ஓடிவருவாள். மேனேஜர் பார்த்தும் பார்க்காதவராக இருந்துவிட்டார். நல்ல மனுஷன். நாலு வருஷம் இப்படி ஓடியது. வீட்டுக்காரர் முதுகில் ஒரு கொப்புளம்கூட வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடாத மழை. விந்து எடுக்கிற வேலையும் இல்லை, அனுப்புகிற வேலையும் இல்லை. காலையில் ஒருமுறை போய்வந்தாகிவிட்டது. மாலையில் தட்டுகளைத் திருப்புவது ஒன்றுதான் பாக்கி. அவள் வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, இன்னிக்கு ஒரு வேளை விட்டுறட்டுமா?”

“நாளைக்கு நாப்பது பண்ணிக்குச் சினை ஊசி போடணும்ல,” என்றார் அவர். “போய்த் திருப்பிட்டு வா. நான் எங்க ஓடிடப் போறேன்?”

போனாள். தட்டுகளைத் திருப்பிவிட்டு வெளியே வந்தபோது பாலத்துக்கு மேல் இடுப்பளவு தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மறுநாள் மத்தியானம்தான் வடிந்தது. அடுத்த வீட்டில் இருந்த நாத்தனார் அவருக்குக் கஞ்சி கொடுத்தாள், துடைத்துவிட்டாள். ஆனால் அந்தக் கனத்த உடம்பைப் புரட்ட ஒல்லிக்குச்சியான அவளால் முடியவில்லை. இவள் வந்து புரட்டிப் பார்த்தபோது முதுகெலும்பு முடிகிற இடத்தில் ஒரு சிவப்பு வட்டம். சிவப்பு கறுத்தது, கறுத்தது குழிந்தது, குழி எலும்பைத் தொட்டது. மூன்றாம் மாதம் காய்ச்சலில் அவர் போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் நாத்தனார் மனதில் பட்டதைச் சொன்னாள். “பண்ணிக் குப்பியத் திருப்ப ஆள் இருந்துச்சு. எங்க அண்ணனத் திருப்ப ஆள் இல்ல.” இவள் உள்ளுக்குள் ஒரே ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்: அன்று போகாமல் இருந்திருந்தால் அத்தனையும் செத்திருக்கும், நாற்பது பன்றி சினை பிடிக்காமல் போயிருக்கும், அவரே அதை ஒப்பியிருக்க மாட்டார். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிட்டாள், வேலைக்குத் திரும்பினாள்.

அவள் திரும்பி வந்தபோது நிலையத்துக்குப் புதிதாக ஒரு மாட்டு டாக்டர் வந்திருந்தார். சின்ன வயது, நல்ல பிள்ளை. தட்டைக் கையிலெடுத்தவளைப் பார்த்துச் சிரித்தார்.

“அக்கா, இதைத் திருப்பவே வேணாம். சும்மா விடுங்க.”

“புதுக் கரைசலா தம்பி?”

“பழசேதான். பயிற்சிக்குப் போனப்போ சொன்னாங்க. பாதியத் திருப்பி, பாதியத் திருப்பாம வச்சுப் பாத்திருக்காங்க. ரெண்டும் ஒண்ணுதானாம். இத்தனை வருஷமா வீணா கஷ்டப்பட்டிருக்கீங்க.”

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார்.

அவள் நம்பவில்லை. ஒரே பன்றியின் விந்து, ஒரே நாளில் எடுத்தது, இரண்டு தட்டு. ஒன்றை வழக்கம்போல இரண்டு வேளையும் திருப்பினாள். இன்னொன்றில் சிவப்பு நூல் கட்டி, தொடாமல் விட்டாள். மூன்று நாள் அந்த நூலைப் பார்க்கும்போதெல்லாம் கடவுளே, செத்திருக்கணும் என்று வேண்டிக்கொண்டாள். பத்தொன்பது வருஷத்தில் அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று அவள் அப்படி வேண்டியதே இல்லை.

நான்காம் நாள் காலை கண்ணாடித் துண்டைச் சூடாக்கி, திருப்பிய தட்டிலிருந்து ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். நூற்றுக்கு எண்பது ஓடின. பிறகு நூல் கட்டிய தட்டிலிருந்து ஒரு சொட்டு. குனிந்தவள் நிமிரவே இல்லை. களைத்து நிற்கும் என்று காத்திருந்தாள். நிற்கவில்லை. எறும்புப் புற்றைக் கிளறிவிட்டதுபோல ஓடிக்கொண்டே இருந்தன. எண்ணினாள். எண்பது. வேறு குப்பியை எடுத்தாள். அதிலும் எண்பது.

டாக்டர் தம்பி வந்து எட்டிப் பார்த்தார். “நான் சொன்னேன்ல? ஜம்முனு ஓடுதுங்க.”

“ஆமா தம்பி. நல்லாத்தான் இருக்குதுங்க.”

சிவப்பு நூலை அவிழ்த்து விரலில் சுற்றிக்கொண்டாள். துக்க வீட்டில் நாத்தனார் பேசியபோதும் வராத அழுகை அப்போது வந்தது.

“அப்போ அன்னிக்கு நான் வராமலே இருந்திருக்கலாமா தம்பி?”

“என்னிக்குக்கா?” என்றார் அவர்.