கரன்ட் அக்காவின் ஸ்பீக்கர் ஒயர்

தொட்டால் அடிக்கும் என்பதால் அவளுக்குக் கரன்ட் அக்கா என்று பெயர் வந்தது. ஒலியைப் பெருக்கும் ஆம்ப் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்த காலத்தில், இடுப்பில் கை வைத்த முதலாளியின் புறங்கையில் ஈயம் பற்றவைக்கும், பழுக்கக் காய்ந்த சால்டரிங் அயர்னை அழுத்தினாள். அதை நியாயம் என்றே எடுத்துக்கொண்டாலும், பிற்பாடு அவள் கொடுத்த அடிகளுக்கெல்லாம் அந்த நியாயம் போதாது. கட்டினவனை அடித்தாள், அவன் ஒருநாள் மாற்றுச் சட்டைகூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டான். பாத்திரக் கடைக்காரனை அடித்தாள். மகள் சின்னவளாக இருந்தபோது அவளையும் அடித்திருக்கிறாள், கையில் இருந்த கிட்டார் ஒயரால். மகள் அதே ஒயரை மாட்டித்தான் கிட்டார் கற்றுக்கொண்டாள்.

போன மாதம் அவள் மாடி வீட்டுக்காரனின் பல்லை உடைத்தபோது மகள் கத்தாமல் சொன்னாள்.

"அம்மா, இன்னொரு தடவை யார் மேலயாவது கை வச்சேன்னா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்."

அக்காவுக்கென்று இருந்தது அந்த ஒருத்திதான். அன்றிலிருந்து வாயை மட்டும் வைத்துச் சண்டை போடப் பழகினாள். பாதி உயிர் போனது போல இருந்தது.

மகளின் குழு முதல்முறையாகப் பெரிய அரங்கில் வாசிக்க இருந்தது. எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மேடையில் அக்காவும் அரங்கத்தின் சவுண்டுக்காரனும் மட்டும். அவன் மகளின் வால்வு ஆம்ப்பையும் ஸ்பீக்கர் பெட்டியையும் ஒரு கிட்டார் ஒயரால் இணைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, அது கிட்டார் ஒயர். ஸ்பீக்கருக்கு ஆகாது."

"ரெண்டுக்கும் ஒரே பிளக்குதானே? நுழையுதுல்ல?"

"நுழையுற இடத்துல எல்லாம் நுழைஞ்சிடலாமா? இதுக்குள்ள முடி மாதிரி ஒரு கம்பி, இரைச்சல் வராம இருக்க சுத்தி ஒரு வலை. கிட்டார்ல இருந்து வர்ற சின்ன சிக்னலுக்குத்தான் தாங்கும். ஆம்ப் தள்ளுறதுக்குத் தடிச்ச கம்பி ரெண்டு வேணும். இல்லாட்டி சூடாகி உருகும், ஆம்ப்பையும் கொண்டு போயிடும்."

"அந்த ஒயர் அலமாரியில பூட்டி இருக்கு. யார் போய் எடுக்கிறது? போக்கா, ஊருக்கே தெரியும், புருஷனை விரட்டின மாதிரி என்னையும் விரட்டாத."

அவள் தன் கருவிப் பெட்டியைத் திறந்து, தானே செய்த ஸ்பீக்கர் ஒயரை எடுத்தாள். அவன் அந்தக் கருவிப் பெட்டியை எட்டி உதைத்தான். சால்டரிங் அயர்ன் தரையில் விழுந்து இரண்டாக உடைந்தது.

அவள் ஒயரைச் சுழற்றினாள். நுனியில் இருந்த பிளக் அவன் கன்னத்தைக் கிழித்தது. அடுத்த அடி காதில். அதற்கடுத்தது முகத்தை மூடிய விரல்களில். எலும்பில் உலோகம் மோதுவது காதில் விழுந்தது. ஓங்கிய கை மறுபடி இறங்குவதற்குள் அவன் உள்ளறைக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

மேடையில் சிந்திய ரத்தத்தைத் துடைத்துவிட்டு ஒயரைச் சோதித்தாள். ஒரு முனையை ஸ்பீக்கரில் செருகி மறுமுனையில் பேட்டரியைத் தொட்டால் 'டப்' என்று சத்தம் வர வேண்டும். வரவில்லை. அடித்த வேகத்தில் பிளக்குக்குள் பற்றவைத்த இடம் விட்டுப்போயிருந்தது. கையால் முறுக்கி வைக்கலாம், மகளுக்குத் தெரியாது. ஆனால் பாட்டின் நடுவில் தொடர்பு அறுந்தால் ஸ்பீக்கர் இல்லாமல் ஓடும் ஆம்ப் எரிந்துவிடும். பற்றவைக்க அயர்ன் இல்லை. நல்ல ஒயர் இருப்பது உள்ளறையில், அடி வாங்கியவனின் அலமாரியில்.

"கதவைத் திற தம்பி. உன் ஸ்பீக்கர் ஒயர் வேணும்."

"வெக்கமா இல்ல உனக்கு?"

"இருக்கு. குடு."

திறந்தான். கன்னம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. "வாங்கினதைத் திருப்பிக் குடுத்துட்டுத் தரேன்," என்று அலமாரியிலிருந்து ஒயரை உருவி ஓங்கினான்.

"ஐயோ, இதால அடிக்காத! பிளக்கு விட்டுடும். இந்தா, இது ஏற்கெனவே விட்டுப்போனது. இதால அடி."

அவனுக்குச் சிரிப்பு வந்தது, கன்னம் விடவில்லை. ஒயரை மாற்றிக்கொண்டு அடித்தான். தோளில் ஒன்று. உதட்டில் ஒன்று, பல்லோடு சேர்த்து. அவள் நல்ல ஒயரை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்தாள். முதுகில் அடி விழுந்தபடியே இருந்தது.

மகள் வாசலில் வந்து நின்றது அப்போதுதான்.

"எங்கம்மாவையாடா அடிக்கிற?"

மைக் ஸ்டாண்டின் இரும்பு அவன் முன்கையில் இறங்கியது. முறிந்த சத்தத்தோடு அவன் சுவரோரம் விழுந்தான். ஸ்டாண்ட் மறுபடி உயர்ந்து அவன் தலைக்கு மேல் நின்றது.

அக்கா வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். மகள் இனி என்றைக்கும் அவள் பக்கம்தான். வீட்டை விட்டுப் போகவும் மாட்டாள். அவளைப் பேச வைத்தது உண்மை மேல் உள்ள பிரியம் என்று சொல்வதற்கில்லை. மகளின் ஓங்கியிருந்த அந்தக் கை, முழங்கை மடிந்த விதம் உட்பட, அக்காவின் கை.

"நிறுத்துடி! நான்தான் முதல்ல அடிச்சேன்."

"அவன் என்ன பண்ணான்?"

"பெட்டியை உதைச்சான். அவ்வளவுதான்."

ஸ்டாண்ட் மெதுவாக இறங்கியது. மகள் அம்மாவிடமிருந்து ஒயரை வாங்கிக்கொண்டு மேடைக்குப் போனாள். குழுவின் டிரம்ஸ்காரன் சவுண்டுக்காரனை ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றிவிட்டு வந்தான். அன்றைக்கு அவனுடைய சவுண்டு மிக்சர் முன்னால் அக்காதான் உட்கார்ந்தாள், கிழிந்த உதட்டை அடிக்கடி நக்கிக்கொண்டு. ஆம்ப் ஒரு சின்ன முனகல்கூட இல்லாமல் பாடியது.

நிகழ்ச்சி முடிந்ததும் மகள் பையோடு டிரம்ஸ்காரனின் வேனில் ஏறினாள். அக்கா ஓடிவந்து கதவைப் பிடித்தாள்.

"சொல்லாம விட்டிருந்தா இருந்திருப்பியா?"

"இருந்திருப்பேன். நீ சொன்னது நல்லதுதாம்மா. ஆனா என் கையும் ஓங்குச்சு, பாத்தியா? உன் கூட இருந்தா அது நிக்காது."

அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். கதவை விட்டுவிட்டாள்.