செக்ரோலில் நான் அடித்த பெயர்

எங்கள் தோட்டத்துத் தொழிலாளி கருப்பையாவைப் பிடித்த மூன்றாம் நாள் காலையில், ஜப்பான் இராணுவப் போலீஸ்காரன் ஒருவன் தோட்டத்து ஆபீசுக்கு வந்து செக்ரோலைக் கேட்டான். அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தவன் நான். அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. மலாயாவில், கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் சின்னக் கிராணி, கணக்கு எழுதுகிற வேலை.

சண்டை முடிந்தபின் ஈப்போவில் ஒரு வக்கீல் ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்து, விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கப்பட்டவர்களுக்காக எத்தனையோ மனுக்களைத் தட்டச்சு செய்து கொடுத்தேன். இப்போது அந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் பழைய மனுவில் பெயரை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். கேட்டால், "எல்லாம் ஒரே மாதிரிதான் அங்கிள்" என்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. சிவப்பு மை

செக்ரோல் என்பது தோட்டத்து ஆட்களின் பெயர்ப் பதிவேடு. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவோம். வந்தவனுக்கு ஒரு குறி, வராதவனுக்கு ஒரு குறி. சொல்லாமல் கொள்ளாமல் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டவன் பெயரைச் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் 'ஓடிவிட்டான்' என்று இங்கிலீஷில் எழுதுவோம். அது சாதாரண ஆபீஸ் வழக்கம். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் எங்கள் துரை இரவோடிரவாகக் காரில் கிளம்பிப் போனார். அவரை மட்டும் யாரும் சிவப்பு மையில் எழுதவில்லை.

ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதைக்கு ஆள் வேண்டுமென்று வந்தவர்கள் செக்ரோலைப் பார்த்துத்தான் ஆட்களைப் பொறுக்கினார்கள். முதல் தடவை போனவர்களில் கருப்பையாவின் அண்ணனும் ஒருவன். அவனிடமிருந்து ஒரு வரி வரவில்லை. இரண்டாம் தடவை கேட்கிறார்கள் என்ற பேச்சு லயத்து வீடுகளில் பரவியதும் கருப்பையாவின் மனைவி அஞ்சலை ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். அவளுக்கு அப்போது நான்கு மாசம்.

"ஐயா, அந்தப் பொஸ்தகத்துல அவரு பேரு இல்லாம பண்ணிடுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

அன்று மத்தியானமே பெயரை அடித்து, வழக்கப்படி 'ஓடிவிட்டான்' என்று எழுதினேன். பெரிய கிராணி பார்த்துவிட்டுத் தன் கணக்குக்குத் திரும்பிவிட்டார். ஆட்களை வேலை வாங்கும் மண்டோரும் கண்டுகொள்ளவில்லை. ரப்பர் பால் வெட்டுவது பாதியாய்க் குறைந்து, எங்கு பார்த்தாலும் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்த காலம். கருப்பையாவுக்கு ஆபீசுக்குப் பின்னால் மேட்டில் ஒரு துண்டு நிலம் விட்டார்கள். அவன் அதில் பாடுபட்டுக்கொண்டு லயத்திலேயே இருந்தான். சயாமுக்குப் போன இரண்டாவது லாரியில் அவன் இல்லை. எனக்கு உள்ளூரப் பெருமைகூட.

என்ன எழுதினேன் என்று கருப்பையாவிடம் நான் சொல்லவில்லை. "பேரை எடுத்தாச்சு, பயப்படாதே" என்றதோடு சரி. வெளியில் யாராவது கேட்டால் வேறு பெயர் சொல், வேறு தோட்டம் சொல் என்று சொல்லிக்கொடுக்க எனக்குத் தோன்றவே இல்லை. செக்ரோல் தோட்டத்து ஆபீசோடு முடிந்துபோகிற சமாசாரம் என்றுதான் நினைத்திருந்தேன்.

2. கேட்ட கேள்வி

ஒருநாள் கருப்பையா, கூலியாகக் கிடைத்த மரவள்ளிக் கிழங்கு மூட்டையைச் சுமந்துகொண்டு கோப்பெங்குக்கு உப்பு மாற்றப் போனான். காம்பார் ரோட்டில் காட்டுக்குள் ஒளிந்து ஜப்பான்காரனை எதிர்த்தவர்கள் ஒரு இராணுவ லாரியைச் சுட்டிருந்த வாரம் அது. சாப்பாட்டுச் சாமான் தூக்கிக்கொண்டு நடந்தவன் எல்லாம் காட்டுக்குக் கொண்டுபோகிறவன் என்று சந்தேகம். வழியில் நிறுத்திப் பெயரும் தோட்டமும் கேட்டார்கள். கருப்பையா இரண்டையும் உண்மையாகச் சொன்னான். அவனுக்கு மறைக்க ஒன்றும் இல்லையே.

அவனைப் பிடித்து வைத்துக்கொண்டு, சொன்னது சரியா என்று பார்க்கத்தான் அந்தப் போலீஸ்காரன் வந்தான். கூட ஒரு தமிழர், மொழிபெயர்ப்பாளர். பக்கத்தைப் புரட்டிப் பெயரைக் கண்டுபிடித்தவரும் அவரே. சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு பெரிய கிராணியைக் கேட்டார்.

"ஒங்க தோட்டத்து ஆளுன்னு அவன் சொல்றான். நீங்க ஓடிட்டான்னு எழுதி வச்சிருக்கீங்க. எது நெசம்?"

பெரிய கிராணி என்னைத் திரும்பிப் பார்த்தார். எழுத்து என்னுடையது. ஜன்னல் வழியே மேட்டில் கருப்பையா நட்ட மரவள்ளி இடுப்பு உயரத்துக்கு நின்றது. நான்தான் பொய்யாக எழுதினேன் என்று சொல்லியிருந்தால் அவன் வீட்டுக்கு வந்திருக்கலாம். அவனுக்குப் பதில் நான் உள்ளே போயிருப்பேன். போலீஸ்காரனின் கத்தி உறை மேசைக் காலில் இடித்துக்கொண்டிருந்தது.

"ஓடிப்போனவந்தாங்க. அப்புறம் நாங்க பாக்கல" என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னதும் போலீஸ்காரன் தலையாட்டிவிட்டுப் பதிவேட்டை மூடினான். ஓடிப்போனவன் என்றால் காட்டுக்குப் போனவன் என்று முடிவாகிவிட்டது. அவ்வளவுதான் விசாரணை. கருப்பையா அந்த அறையில் இல்லை. தன்னைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று அவனுக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது.

3. தேதி இல்லாத காவல்

அஞ்சலையை அழைத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போனேன். அவனை வைத்திருந்த இடத்தில் முன்கட்டு கிளார்க் ஞானப்பிரகாசம் என்ற தமிழர், வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அதே நாற்காலியில் இருப்பவர். என்ன கேஸ், எப்போது கோர்ட்டுக்கு வரும் என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"கேஸ் இருந்தாத்தானே தம்பி கோர்ட்டு? இவன் ஒன்னும் செஞ்சான்னு வைக்கல. செய்வான்னு வச்சிருக்காங்க. செஞ்சதுக்கு ஒரு கணக்கு இருக்கு, செய்யப்போறதுக்கு ஏது?"

தன் பதிவேட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பழைய அச்சடித்த தாள். பிடித்த நேரம், குற்றம், மாஜிஸ்திரேட் முன் நிறுத்திய நேரம், விடுவித்த தேதி என்று கட்டங்கள் வரிசையாக இருந்தன. கருப்பையா பெயருக்கு நேரே எல்லாம் காலி. முன்பெல்லாம் ஒரு கட்டம் காலியாக இருந்தால் மாஜிஸ்திரேட் கூப்பிட்டுத் திட்டுவார் என்று சொல்லி அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

வாரம் ஒருமுறை அஞ்சலை சோற்றுத் தூக்கோடு நடந்தும் கிடைத்த வண்டியில் ஏறியும் போய்வந்தாள். தூக்கு காலியாகத் திரும்பி வந்ததால் ஆள் இருக்கிறான் என்று தெரிந்தது. நடுவில் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மறுபடி போன முதல் வாரம், தூக்கைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தார்கள். ஞானப்பிரகாசம் வெளியே வந்து, இனிமேல் கொண்டுவர வேண்டாம் என்று மட்டும் சொன்னாராம். எங்கே கொண்டுபோனார்கள் என்று அவருக்கே தெரியாது. விடுவித்த தேதிக் கட்டமும் அப்படியே காலியாக இருந்திருக்கிறது.

4. நான் எழுதிய முதல் மனு

சண்டை முடிந்தது. துரைமார்கள் திரும்பி வந்தார்கள். அஞ்சலை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்து, கவர்மெண்டுக்கு ஒரு மனு எழுதச் சொன்னாள். உதவி ஒன்றும் கேட்கவில்லை.

"இருக்காரா இல்லையான்னு கேளுங்க ஐயா. இல்லன்னா கருமாதி செய்யவாச்சும் ஒரு தேதி வேணும்."

எனக்குத் தெரிந்த நல்ல இங்கிலீஷில் இரண்டு பக்கம் எழுதினேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. ஜப்பான்காரன் வைத்திருந்த காவல் பதிவேடுகள் கிடைக்கவில்லை என்றும், தோட்டத்து நிர்வாகம் அனுப்பிய செக்ரோல் நகலில் மேற்படி நபர் தானாக ஓடிவிட்டதாக இருப்பதால் அவர் காவலில் இருந்ததாகக் கொள்வதற்கில்லை என்றும் எழுதியிருந்தார்கள். கருப்பையாவைப் பற்றி உலகத்தில் மிச்சம் இருந்த ஒரே தாள் நான் எழுதியது.

அதை அவளுக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். வேறு வழியில்லை.

"அப்ப கவர்மெண்டுல அவரு எங்கள வுட்டுட்டு ஓடிப்போன ஆளுதானா?" என்று கேட்டாள்.

மனு எழுத வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். காரணம் காட்டாமல் ஆளைப் பிடித்து வைக்கலாம் என்ற அதிகாரம் யார் கைக்குப் போனாலும், குற்றத்தை நிரூபிக்கும் வேலை அவர்களுக்கு இல்லை. பிடிபட்டவன் வாழ்க்கையில் எங்காவது ஒரு பொய்த் தாள் இருந்தால் அதுவே போதும். பிழைப்புக்காகப் பொய்த் தாள் இல்லாத ஏழை எவன்? அதனால் குடும்பத்தார் வந்து உட்கார்ந்ததும் முதலில் யார் பிடித்தது, எங்கே, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். அடுத்து, அவனுடைய தாள்களில் எது உண்மை இல்லை, யார் அப்படி எழுதினார்கள் என்று கேளுங்கள். எழுதினவனைத் தேடிப் பிடித்து வாக்குமூலம் வாங்குங்கள். அவன் பயந்துபோய் மழுப்புவான். விடாதீர்கள்.

அந்தப் பதிலைப் படித்துச் சொன்ன அன்று அஞ்சலையிடம், ஓடிவிட்டான் என்று எழுதியது நான்தான் என்று சொன்னேன். அவள் இடுப்பிலிருந்த பிள்ளையை இறக்கிவிட்டாள். பிறகு, "நாந்தானே ஐயா வந்து கேட்டேன். என் வாயாலதான் அவரு போனாரு" என்றாள். இல்லை, என் வாயால்தான் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். போலீஸ்காரன் கேட்டபோது நான் என்ன பதில் சொன்னேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. பிறகும் எத்தனையோ தடவை ஈப்போ பக்கத்து ஜெலாப்பாங்கில் அவள் மகள் வீட்டில் அவளைப் பார்த்தேன், காப்பி குடித்தேன், சொல்லவில்லை. தன் புருஷனைத் தானே கேட்டு அனுப்பிவிட்டதாக நினைத்துக்கொண்டே போன வருஷம் அவள் செத்துப்போனாள்.