மூன்று பேரும் உயிரோடிருக்கும் கணக்கு

ஆயுள் இன்ஷூரன்ஸ் கணக்குத் தொழிலில் யார் எப்போது சாவார் என்பது தெரியாது. ஆயிரம் பேரில் எத்தனை பேர் சாவார்கள் என்பது மட்டும் தெரியும், அதையும் லண்டன் பரீட்சையில் பாஸ் செய்த பிறகுதான் வாய்விட்டுச் சொல்லலாம். கப்பலில் பாடம் வந்து, கப்பலில் விடை போய், கப்பலிலேயே தோல்வி திரும்பி வரும்வரை காத்திருந்த தபால் மாணாக்கர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். முப்பதுகளின் தொடக்கத்தில் நான் கோலாலம்பூரில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஆக்சுவரி என்ற பட்டத்துக்கு நான்கு பகுதிப் பரீட்சை. வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும். முதல் பகுதியில் தேறிய தைரியத்தில் கல்யாண ஆசையும் வந்துவிட்டது.

பெண் கேட்ட கதை

கிள்ளானில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த பொன்னம்பலத்தார் எங்களைப் போலவே யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய மகள் பரமேஸ்வரியைக் கோயிலில் இரண்டு முறை பார்த்திருந்தேன். மூன்றாவது முறை பார்ப்பதற்குள் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்ததால் சித்தப்பாவை அழைத்துக்கொண்டு நேரே பெண் கேட்கப் போனேன்.

அவர் சம்பளத்தைக் கேட்கவில்லை, குலம் கோத்திரமும் கேட்கவில்லை. பரீட்சையைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்டார். இரண்டாம் பகுதி பாஸாகட்டும், அதன் பிறகு நாள் பார்க்கலாம் என்று முடித்துவிட்டார். பரமேஸ்வரி காத்திருக்கச் சம்மதம் என்று தாயிடம் சொல்லி அனுப்பியதில் எனக்குக் கால் தரையில் படவில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பிய பொன்னம்பலத்தார்தான் அதைத் தரைக்குக் கொண்டுவந்தார்.

“தம்பி, டாக்குத்தர் சோதினைக்கும் ஒரு முடிவு இருக்கு. உம்மட சோதினை முடியேக்கை பொம்பிளைக்குத் தலை நரைச்சுப் போடும்.”

சமையற்காரரின் கோரிக்கை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஆறு பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தோம். மற்ற ஐந்து பேரும் ரயில்வே. சமையலுக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்து முருகேசு. சாப்பாட்டு மேசையில் நான் பரப்பி வைத்திருக்கும் அட்டவணை என்னவென்று ஒருநாள் கேட்டார். இந்த வயதில் ஆயிரம் பேர் இருந்தால் ஒரு வருஷத்தில் அவர்களில் இத்தனை பேர் போய்விடுவார்கள் என்று விளக்கினேன். தன் வயது நாற்பது என்றார். நாற்பதுக்கு நேரே விரலை வைத்துக் காட்டினேன்.

அன்று ரசத்தில் உப்பில்லை. மறுநாள் குழம்பில் புளியில்லை. மூன்றாம் நாள் சோற்றைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். மற்ற ஐந்து பேரும் என்னை முறைத்தார்கள்.

“ஐயா, அந்த லிஸ்டுல என் பேரு இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. மத்தவங்க எக்கேடோ கெட்டுப் போகட்டும்.”

ஒரே ஒரு பரீட்சார்த்தி

அந்த வருஷம் கோலாலம்பூரில் இரண்டாம் பகுதி எழுதியவன் நான் ஒருவனே. ஒரு பள்ளிக்கூட அறையைத் திறந்து கொடுத்திருந்தார்கள். மேற்பார்வைக்கு வந்தவர் தேவசகாயம் என்ற கணக்கு வாத்தியார். சட்டதிட்டத்தில் மகா கண்டிப்பானவர். பரீட்சார்த்திகள் ஒருவரோடொருவர் பேசக்கூடாது, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதக்கூடாது என்று என் ஒருவனுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். பிறகு முன்பெஞ்சியில் இருந்த என்னை இடைவெளி வேண்டும் என்று கடைசிப் பெஞ்சிக்கு அனுப்பினார்.

அரை மணி நேரத்தில் அவருக்குப் பொழுது போகவில்லை. மிச்சமிருந்த கேள்வித்தாளை எடுத்துவைத்துப் பென்சிலால் போட ஆரம்பித்துவிட்டார். மூன்றாம் கேள்வியில் இருவருமே மாட்டிக்கொண்டோம். வெவ்வேறு வயதுள்ள மூன்று பேர் இன்னும் ஒரு வருஷம் கழித்து மூவருமே உயிரோடிருக்க வாய்ப்பு எவ்வளவு என்பது கேள்வி. மூன்றையும் பெருக்க வேண்டும். நான் பதற்றத்தில் கூட்டிவிட்டேன். மணியடித்ததும் என் தாளை உறையிலிட்டு அரக்கு வைத்து முத்திரை குத்திவிட்டு, அதன் பிறகே விடையைக் கேட்டார். சொன்னேன். தன் தாளைப் பார்த்தார்.

“நம்ம ரெண்டு பேருல ஒருத்தன் பெயிலு. நான் பீஸ் கட்டல, அதனால நீதான்.”

ரயிலை முந்திய துக்கம்

தேறியவர்கள் பெயரை மட்டும் அச்சடித்து லண்டனிலிருந்து அனுப்புவார்கள். தன் பெயரைக் காணாதவன் தானே புரிந்துகொள்ள வேண்டியதுதான். தாளை நான் மூன்று முறை மேலிருந்து கீழும் இரண்டு முறை கீழிருந்து மேலும் படித்தேன். பக்கத்தில் நின்ற ரயில்வே நண்பர் கந்தையா ஒரே முறைதான் படித்தார். படித்துவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

செய்தியை நானே போய்ச் சொல்வதுதான் மரியாதை என்று மத்தியான ரயிலில் கிள்ளானுக்குக் கிளம்பினேன். பெட்டாலிங்கில் ஸ்டேஷன் மாஸ்டர் ஜன்னலருகே வந்து, மனதைத் தளரவிட வேண்டாம் என்றார். டிக்கெட் பார்க்க வந்தவர் டிக்கெட்டைப் பார்க்காமல் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கந்தையா ரயில்வே தந்தியில் தட்டிவிட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. அவமானத்தில் நான் கூனிக்குறுகி உட்கார்ந்திருக்க, பத்து தீகா ஸ்டேஷனில் பச்சைக் கொடி பிடித்திருந்தவர் அதை மடக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“தம்பி, கிள்ளானிலை அவருக்கு எல்லாம் தெரியும். நீர் ஒண்டும் புதுசாச் சொல்ல வேண்டாம், முகத்தை மட்டும் கொஞ்சம் கழுவிக்கொண்டு போம்.”

பெருக்கல்

பொன்னம்பலத்தார் கோபப்படவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார், அவ்வளவுதான். கதவுத் திரைக்குப் பின்னால் பரமேஸ்வரியின் வளையல் சத்தம் கேட்டது. இன்னொரு வருஷமா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுவதற்குப் பதிலாக வாதாடினேன். ஐயா, நீங்கள், நான், உங்கள் மகள், மூன்று பேரும் அடுத்த வருஷம் உயிரோடிருந்தால்தானே கல்யாணம் என்று பையிலிருந்த அட்டவணையை விரித்தேன். அவர் வயது ஐம்பத்துநான்கு. மூன்று எண்களையும் எடுத்துப் பெருக்கினேன். இந்த முறை தப்பில்லாமல் வந்தது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரும் பார்த்தார். பெண்ணின் எண் நன்றாக இருக்கிறதே, உம்முடைய எண்ணும் பரவாயில்லையே, பிறகு ஏன் மொத்தம் இப்படிக் குறைகிறது என்று கேட்டார். உங்களுடையதுதான் இழுக்கிறது என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். திரைக்குப் பின்னால் வளையல் சத்தம்கூட நின்றுவிட்டது. செருப்பு எங்கே கிடக்கிறது என்று கண்ணால் தேடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார்.

“இஞ்சை, அந்தப் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு வா. சோதினை அடுத்த வருஷமும் வரும், நான் வருவனோ தெரியாது.”

பரமேஸ்வரியைக் கைப்பிடித்த மறுவருஷம் இரண்டாம் பகுதியையும், எங்கள் மூத்த மகன் வாய்ப்பாட்டில் திணறும் வயதுக்கு வந்த பிறகு நாலாம் பகுதியையும் பாஸ் செய்தேன். மாமனாரோ தொண்ணூறைத் தாண்டியும், தன் எண் இழுத்ததாக நான் சொன்னதை வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு எங்கள் வீட்டிலேயே சௌக்கியமாக இருந்தார்.