உட்கார்ந்து வாசித்த ஒரே நாள்

நேற்று மருமகள் பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகளைப் புளி போட்டு விளக்கிக்கொண்டிருந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் இடது கால் தானாகத் தரையைத் தட்டத் தொடங்கிவிட்டது. "என்ன மாமா, காலு மரத்துப்போச்சா?" என்றாள். காலுக்கு ஒன்றுமில்லை. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்துக்குப் போய்க் கண்டியில் நடந்துகொண்டிருந்தது.

அப்போது நான் ஒரு தேயிலைக் கம்பெனியில் கிளார்க். மாலையில் எங்கள் மாதா கோயில் பேண்டில் யூபோனியம் ஊதுவேன். பித்தளை அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஊதுகிற மாதிரிதான் அது. சனிக்கிழமைகளில் புளியும் சாம்பலும் போட்டு அதை விளக்குவேன். என் பல்லைக்கூட அவ்வளவு அக்கறையாக விளக்கியதில்லை.

கெலிஓயாவில் புடவைக்கடை வைத்திருந்த சவரிமுத்துவின் மகள் பிலோமினா. திருநாளில் அவளைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா பெண் கேட்டுப் போனபோது சவரிமுத்து ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "பையன் தங்கமானவன்தான். ஆனா சாவு வீட்டுல ஊதுறவனுக்கு எம் மகள குடுக்க மாட்டேங்க."

பேண்ட் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், பள்ளிக்கூட வாத்தியார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "கச்சேரி ஒண்டு வைப்பம். கதிரையில இருந்து வாசிப்பம். அந்தாள் முன்வரிசையில இருந்து கேக்கட்டும்!" என்றார்.

நாங்கள் கோயில் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தபடியே ஒத்திகை பார்த்தோம். வேறு எப்படிப் பார்ப்பது? பிரேதத்துக்கும் திருநாள் சுற்றுப்பிரகார ஊர்வலத்துக்கும் முன்னால் நடந்தே வாசித்தவர்கள் நாங்கள். உட்கார்ந்து வாசிக்கக் கதிரைகள் கச்சேரியன்றுதான் மண்டபத்துக்கு வந்தன.

உட்கார்ந்தோம். வாசித்தோம். அதை வாசிப்பு என்று சொல்ல இன்றைக்கும் நாக்கூசுகிறது. எங்களுக்குத் தாளம் காலில்தான் இருந்தது என்பது அந்த நிமிடம் வரை யாருக்கும் தெரியாது. கிளாரினெட் பாட்டை முடித்து உதட்டைத் துடைக்கும்போது நான் பாதியில் திணறிக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் சவரிமுத்து காதைச் சொறிந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிலோமினா போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

பெரிய மேளம் அடிக்கிற பாவுலுவுக்குப் பொறுக்கவில்லை. மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தான். "மாஸ்டர், ஒக்காந்தா வராதுங்க. வாங்க, நடப்போம்!" என்று வாசலைப் பார்த்து நடந்தான். நாங்களும் பின்னால் போனோம். முற்றத்தில் கால் பட்டதும் பாட்டு தானாக நேரானது!

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பேண்ட் நடந்தால் பின்னால் நடப்பது எங்கள் சனத்தின் பழக்கம். மண்டபமே எழுந்து இரண்டிரண்டு பேராக வரிசை கட்டியது. பெண்கள் முக்காடு போட்டார்கள். யாரோ "அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பித்தார்கள். பூசைச் சாமான்களைக் கவனிக்கும் கோயில்பிள்ளை ஓடிவந்து, முதலில் நின்ற சவரிமுத்துவின் கையில் சிலுவையைக் கொடுத்துவிட்டார். வீதியில் போனவர்கள் "என்ன திருநாளுங்க?" என்று கேட்டபடியே சேர்ந்துகொண்டார்கள். மாஸ்டர் மட்டும் "ஐயோ, இது கச்சேரியப்பா!" என்று கடைசிவரை கத்திக்கொண்டே வந்தார்.

கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்ததும் சவரிமுத்து சிலுவையை இறக்கினார். முகமெல்லாம் வியர்வை, கண்ணில் நீர். இத்தனை வருஷத்தில் அவரைச் சிலுவை தூக்க யாரும் கூப்பிட்டதில்லையாம். என்னிடம் வந்து, "தம்பி, கல்யாணத்துக்கும் இப்படி நடந்தே வந்துருங்க. ஒக்காந்து மட்டும் ஊதிறாதீங்க" என்றார்.

அப்படியே நடந்துதான் போனேன், மாப்பிள்ளைக் கோட்டும் யூபோனியமுமாக. பிலோமினா சாகும் வரை அதைச் சொல்லிச் சிரித்தாள்.

பாவுலு போய்விட்டான், மாஸ்டரும் போய்விட்டார், பேண்டும் கலைந்துவிட்டது. போன வருஷம் பிலோமினாவைக் கல்லறைக்குக் கொண்டுபோனபோது, பின்னால் நடக்க அத்தனை சனம் இருந்தது. முன்னால் வாசித்துக்கொண்டு போக ஒருவர்கூட இல்லை, எனக்கும் ஊத மூச்சில்லை. சாவு வீட்டில் ஊதுகிறவனைக் கட்டிக்கொண்டவள், ஊத ஆளில்லாமல் போனாள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.