தட்டை திணித்த டயர்

நனைந்த தபால்தலை போல அந்தப் பஞ்சர் ஒட்டு மதினியின் விரலோடு உரிந்து வந்தது. போடிமெட்டைத் தாண்டி இரண்டாவது வளைவு. காலை எட்டரை மணி, சாரலும் மூடுபனியும். மோட்டார் சைக்கிளின் முன் சக்கரம் கழன்று சாலையோரம் கிடந்தது. டியூபில் வைத்த இரண்டாவது ஒட்டு அது. முதலாவதும் இப்படித்தான் நிற்கவில்லை. அடிவாரத்துக்காரர்கள் மலையில் செய்கிற தவறு இது. பஞ்சர் ஒட்டுவதைப் போடி வெயிலில் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். அங்கே பசையைத் தடவிவிட்டு ஒரு டீ குடிப்பதற்குள் உலர்ந்துவிடும். மேலே சாரலில் அது உலர்வதே இல்லை. இரண்டும் வீணான பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. பையில் வேறு ஒட்டு இல்லை.

நான் அப்போது தேனியில் ஒரு நாளிதழின் நிருபர். மதினி என் நடு அண்ணனின் மனைவி. அண்ணன் இறந்து ஐந்து மாதமாகியிருந்தது. பாகம் பிரித்து எழுதாத எங்கள் ஏலக்காய்த் தோட்டத்தில் அண்ணன் பார்த்துவந்த பகுதியை, அண்ணனுடைய வண்டியிலேயே ஏறி இறங்கி மதினி பார்த்துக்கொண்டிருந்தார். அதை வெளியாளுக்குக் குத்தகைக்கு விடுவது என்பது பெரியண்ணனின் முடிவு. "தெனமும் மலையேறி எறங்க பொம்பளையால ஆகுமா? நடுவழியில வண்டி நின்னா யாரு போயித் தூக்குறது?" என்று வீட்டில் எல்லோர் முன்னிலும் கேட்டார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். வண்டி நின்ற அன்று பத்து மணிக்குக் குத்தகைக்காரரைத் தோட்டத்துக்கே அழைத்து வருவதாக ஏற்பாடு. வழியிலேயே மதினியிடம் பேசிச் சம்மதிக்க வைக்கத்தான் என்னைப் பின் இருக்கையில் ஏற்றி அனுப்பியிருந்தார்.

காய் பறிக்கும் பெண்களை ஏற்றி வந்த ஜீப் ஒன்று எங்களருகே நின்றது. ஓட்டுநர் மலையாளி. "சேச்சி, ஜீப்புல கேறிக்கோ. பைக்க பின்னே வந்து எடுக்கலாம்" என்றார்.

"நீ போப்பா. ஜீப்புல போயி எறங்குனா, நாஞ்சொன்னேன்லன்னு சொல்ல ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்காரு. அவருக்கு எதுக்கு அந்தச் சந்தோசம்?" என்றார் மதினி.

"அப்ப வண்டியத் தோள்ல தூக்கிட்டா வருவ, ஆத்தா?" என்று ஜீப்புக்குள்ளிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"இந்தா, பேப்பர்க்காரரு சும்மாதான நிக்கிறாரு. அவரத் தூக்கச் சொல்றேன். தின்ன சோறு செரிக்கட்டும்."

ஜீப் சிரிப்போடு போனது. மதினி சாலையை ஒட்டிய தோட்டத்தைப் பார்த்தார். காய்த்து ஓய்ந்த ஏலத் தட்டைகளை அறுத்துச் செடிகளுக்கு நடுவே குவித்திருந்தார்கள். ஆளுயரத் தண்டுகள், பிழிந்தால் நார் நாராக வரும். என்னை ஒரு கட்டு இழுத்துக்கொண்டு வரச் சொன்னார். கல்லால் நைத்து, தண்ணீரை வடித்து, வைக்கோல் பிரி போல முறுக்க ஆரம்பித்தார். சிலமலைக் கிராமத்து விவசாய வீட்டில் பிறந்தவர், கைக்குப் பிரி புதிதல்ல. ஆனால் அதை டயருக்குள் திணிக்கலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்க முடியாது. பயந்து பயந்து நான், "மதினி, பெரியண்ணே என்ன சொல்றாருன்னா" என்று தொடங்கினேன். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "பேசத்தான அனுப்புனாக? பேசுங்க. நான் எஞ்சோலியப் பாக்கிறேன். அந்த நுனிய மட்டும் இறுக்கிப் பிடிங்க, வெரசா."

நான் நுனியைப் பிடித்தேன். டியூபை உருவிவிட்டுப் பிரியைச் சக்கரத்தில் சுற்றுச் சுற்றாக வரிந்து, கம்பியால் நெம்பி டயரின் விளிம்பை உள்ளே தள்ளினார். மூன்று முறை வெளியே நழுவியது. நான்காவது முறை விரலிடுக்கில் தோல் கிழிந்து ரத்தம் வந்தது. சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு ஐந்தாவது முறை தள்ளினார். டயர் உட்கார்ந்தது. சக்கரத்தை வண்டியில் மாட்டினோம். என் எடையையும் அது தாங்காது என்பதால் அவர் நடை வேகத்தில் ஓட்ட, நான் பின்னாலேயே நடந்தேன். உருளும் சக்கரத்திலிருந்து பச்சைச் சாறு ஒழுகிச் சாலையில் கோடு போட்டது. மூன்று கிலோமீட்டர். தோட்டத்து வாசலில் மணி பார்த்தேன், பத்துக்கு ஏழு நிமிடம் இருந்தது.

பெரியண்ணனும் குத்தகைக்காரரும் வந்தபோது மதினி பெண்களுக்குக் காய் பறிக்க வரிசை பிரித்துவிட்டுக்கொண்டிருந்தார். வழியில் ஜீப்காரர் சொல்லியிருக்க வேண்டும். "வண்டி நடுவழியில நின்னுபோச்சாமே?" என்றார் பெரியண்ணன்.

"நின்னுச்சு மச்சான். யாரும் வந்து தூக்கல."

குத்தகைக்காரர் டயரைப் பார்த்தார், பிறகு பெரியண்ணனைப் பார்த்தார். "இந்தம்மா சம்மதிச்சாச்சுன்னுதான சொன்னீக?"

பெரியண்ணன் என் பக்கம் திரும்பினார். "பேசுனியாடா?"

"பேசலண்ணே. பேசப் போறதும் இல்ல."

என் முப்பத்தொரு வயதில் அவரிடம் நான் மறுத்துச் சொன்ன முதல் வாக்கியம் அது. குத்தகைக்காரர் உட்காராமலே கிளம்பினார்.

மதினி இன்றும் அந்த மலைக்கு வண்டியில்தான் போகிறார். அண்ணன் பார்த்த பகுதி அவர் பெயரில் பாகம் எழுதப்பட்டுவிட்டது. இப்போது கல்யாண வீடுகளில் பெரியண்ணன், "நாங்களாத்தான் விட்டுக் குடுத்தோம்" என்று பெருமையாகச் சொல்கிறார். கேட்பவர்களும் தலையாட்டுகிறார்கள். எங்கள் தொழிலில் தவறான செய்தி வெளியானால் திருத்தம் போடுவது வழக்கம். ஆகவே திருத்தம்: யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. மதினி விடவில்லை.